சமரசத் திரை: தொலைக்காட்சியின் 16:9 வடிவமும் கறுப்புப் பட்டைகளும்

புதிதாக 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கி மாட்டிய வீட்டில் முதலில் எழும் கேள்வி, படத்துக்கு மேலும் கீழும் ஏன் கறுப்பாக இருக்கிறது என்பதுதான். மறுநாள் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடினால், அந்தக் கறுப்பு இடம் மாறி இரண்டு பக்கங்களுக்கும் போய்விடுகிறது. இவ்வளவு பணம் கொடுத்தும் திரை முழுக்கப் படம் வரவில்லையே என்ற ஆதங்கத்தில் யாராவது ரிமோட்டை எடுத்து, ஏதோ ஒரு பொத்தானை அழுத்தித் திரையை நிரப்பிவிடுகிறார்கள். திரை நிரம்புகிறது, ஆனால் முகங்கள் உப்பிவிடுகின்றன, அல்லது நெற்றியும் பாதமும் காணாமல் போகின்றன. கறுப்புப் பட்டை பெட்டியின் கோளாறு அல்ல. பெரும்பாலும் ஒளிபரப்பின் கோளாறும் அல்ல. திரைக்கு ஒரு வடிவம், படத்துக்கு வேறொரு வடிவம் என்று இருக்கும்போது மிஞ்சுகிற இடமே அது. இப்படி மிஞ்சும் என்று தெரிந்தேதான் இன்றைய திரையின் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

திரையின் அகலத்தை அதன் உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதே திரை விகிதம். அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு என்றால் 4:3. வகுத்துச் சொன்னால் 1.33. இன்று கடைகளில் விற்கும் தொலைக்காட்சிகள் அநேகமாக எல்லாமே 16:9, அதாவது 1.78. திரையரங்கில் ஓடும் மிக அகலமான ‘ஸ்கோப்’ (சினிமாஸ்கோப்) படத்தின் விகிதம் 2.39, பழைய வழக்கத்தில் அதை இன்னும் 2.35 என்றே சொல்கிறார்கள். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு 43 அங்குலத் திரையை அளந்து பார்க்கலாம். அதன் அகலம் ஏறத்தாழ 37.5 அங்குலம், உயரம் 21 அங்குலம். அகலம் முழுவதையும் ஸ்கோப் படம் எடுத்துக்கொண்டால் அதற்குத் தேவைப்படும் உயரம் 15.7 அங்குலம் மட்டுமே. மீதி மேலே இரண்டே முக்கால் அங்குலம், கீழே இரண்டே முக்கால் அங்குலம் என்று கறுப்பாகக் கிடக்கும். இதில் எந்த மாயமும் இல்லை, வெறும் வகுத்தல் கணக்குதான்.

படங்களுக்கு இத்தனை வடிவங்கள் வந்ததற்குக் காரணம் கலையைவிடத் தொழிலும் வியாபாரமும்தான். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ.கே.எல். டிக்சன் 1890களின் தொடக்கத்தில் 35 மில்லிமீட்டர் படச்சுருளை வடிவமைத்தபோது, ஒரு படச்சட்டத்துக்கு நான்கு துளைகள் என்று வைத்தார். அதனால் கிடைத்த சட்டம் ஏறத்தாழ ஒரு அங்குல அகலமும் முக்கால் அங்குல உயரமும் கொண்டது; அதுவே 4:3. பேசும் படம் வந்து ஒலித்தடம் படச்சுருளின் ஓரத்தில் இடம் பிடித்ததும் சட்டம் கொஞ்சம் குறுகியது. 1932இல் அமெரிக்கத் திரைப்பட அகாதமி அதை 1.37 என்று நிலைப்படுத்தியது. பிறகு தொலைக்காட்சி பிறந்தபோது, அன்றைய சினிமாவின் வடிவத்தையே அதுவும் எடுத்துக்கொண்டது. ஆக 1950 வரை சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் வடிவச் சண்டை எதுவும் இருக்கவில்லை.

சண்டையைத் தொடங்கியது சினிமா. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து திரையரங்குகளில் கூட்டம் குறைந்தபோது, வீட்டுப் பெட்டியால் தர முடியாத ஒன்றைத் தந்தாக வேண்டும் என்று ஹாலிவுட் அகலத்தைக் கையில் எடுத்தது. 1952இல் மூன்று புரொஜெக்டர்களை ஒரே நேரத்தில் ஓட்டி, வளைந்த திரையில் படம் காட்டிய சினிராமா வந்தது. அடுத்த ஆண்டே ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கிரெத்தியென் 1920களிலேயே உருவாக்கியிருந்த லென்ஸ்தான் அதற்கு அடிப்படை. படம் பிடிக்கும்போது காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி, வழக்கமான 35 மில்லிமீட்டர் சுருளுக்குள்ளேயே அடக்கிவிடும். திரையிடும்போது எதிர் லென்ஸ் அதை இரு மடங்காக விரித்துவிடும். புதிய சுருள் தேவையில்லை, புதிய புரொஜெக்டர் தேவையில்லை, லென்ஸும் அகலத் திரையும் போதும் என்பதால் அது உலகம் முழுவதும் பரவியது. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் குருதத் இயக்கிய ‘காகஸ் கே ஃபூல்’, 1959. தமிழில் முதலாவது ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த ‘ராஜராஜ சோழன்’, 1973. அதற்கு முன் வந்த தமிழ்ப் படங்கள் இன்றைய தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்பு விட்டு வருவதற்கு இதுவே காரணம்: அவை எடுக்கப்பட்ட காலத்தில் திரையின் வடிவமே அதுதான்.

தொலைக்காட்சியை ஒதுக்கிவைக்கப் பிறந்த அகலப் படம், சில ஆண்டுகளிலேயே தொலைக்காட்சிக்குள் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 1961இல் தன் சனிக்கிழமை இரவுத் திரைப்பட வரிசையைத் தொடங்கியதே ஒரு சினிமாஸ்கோப் படத்தோடுதான். 2.35 அகலப் படத்தை 1.33 பெட்டிக்குள் எப்படி அடைப்பது? வழி இரண்டே. ஒன்று, அகலம் முழுவதையும் காட்டிவிட்டு மேலும் கீழும் கறுப்பு விடுவது. நம் நாட்டில் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் படம் 576 கிடைக்கோடுகளாக வரும். அவற்றில் ஏறத்தாழ 327 கோடுகளே ஸ்கோப் படத்துக்குக் கிடைக்கும், மற்றவை கறுப்புக்குச் செலவாகும். 14 அங்குல, 20 அங்குலப் பெட்டிகளில் அது நிஜமாகவே சிறு கீற்றாகத் தெரிந்தது என்பதால், அந்தக் காலத்துப் பார்வையாளரின் எரிச்சலில் நியாயம் இருந்தது. மற்றது, உயரத்தை நிரப்பிவிட்டுப் பக்கங்களை வெட்டுவது. அப்படி வெட்டினால் மூலப் படத்தில் 57 விழுக்காடுதான் மிஞ்சும். எந்த 57 விழுக்காடு என்பதைக் காட்சிக்குக் காட்சி தொழில்நுட்பர் ஒருவர் முடிவு செய்து, சட்டத்தை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே பிரதி எடுப்பார். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் எடுக்காத கேமரா அசைவுகள் படத்துக்குள் இப்படித்தான் நுழைந்தன.

ஸ்கோப் படத்தில் இரண்டு பேர் திரையின் இரு கோடிகளில் நின்று பேசுவது மிக இயல்பான அமைப்பு. இடையில் உள்ள வெற்றிடமே பெரும்பாலும் அந்தக் காட்சியின் பொருள். வெட்டிய பிரதியில் நடுவில் ஒரு தூணும் ஜன்னலும் தெரியும், இருபுறமிருந்தும் குரல்கள் வரும், சில சமயம் இரண்டு மூக்குகள் எட்டிப் பார்க்கும். பெயர் போடும் கட்டத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். எழுத்துகளை வெட்ட முடியாது. ஒருவர் பெயர் பாதி போனால் சண்டை வரும். எனவே அந்தப் பகுதியை மட்டும் விரிக்காமல் நெருக்கியபடியே விட்டுவிடுவார்கள். கதாநாயகன் மூங்கில்போல ஒல்லியாக நடந்து வருவார். ‘இயக்கம்’ என்ற பெயர் மறைந்த மறுகணம் பழைய உடம்புக்குத் திரும்பிவிடுவார், ஆனால் அவருக்கு இடப்பக்கம் நடந்து வந்தவர் காணாமல் போயிருப்பார்.

இதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. அமெரிக்க இயக்குநர் சிட்னி போலாக், தன் அகலப் படத்தை இப்படி வெட்டி ஒளிபரப்பியதற்காக டென்மார்க்கின் பொதுத் தொலைக்காட்சி மீது வழக்குத் தொடுத்தார். வெட்டியது படைப்பைச் சிதைத்த செயல்தான் என்று நீதிமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டது; ஆனாலும் சட்ட நுணுக்கம் ஒன்றால் வழக்கு தோற்றது. படச்சட்டத்தை வகுத்தவருக்கு நடைமுறையில் அதன்மேல் பெரிய பிடி இல்லை என்பதை அந்த வழக்கு காட்டியது.

இந்தப் பின்னணியில்தான் 1980களில் எச்.டி. எனப்படும் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு எந்த வடிவம் என்ற கேள்வி எழுந்தது. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் தன் சோதனைகளைத் தொடங்கியபோது 5:3 விகிதத்தை வைத்திருந்தது. ஹாலிவுட்டில் சிலருக்கு இன்னும் அகலமாக வேண்டியிருந்தது. அமெரிக்க மின்னணு நிறுவனமான ஆர்.சி.ஏ.வின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் குழுவுக்காக ஒரு எளிய சோதனையைச் செய்து பார்த்தார். அன்று புழக்கத்தில் இருந்த 1.33, 1.66, 1.85, 2.20, 2.35 ஆகிய வடிவங்களைச் செவ்வகங்களாக எடுத்துக்கொண்டு, எல்லாவற்றின் பரப்பையும் சமமாக வைத்து, மையம் ஒன்றாகும்படி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார். அவை அனைத்தையும் சுற்றி வரையக்கூடிய மிகச் சிறிய செவ்வகத்தின் விகிதம் 1.77 ஆக இருந்தது. அவை அனைத்துக்கும் பொதுவாக உள்ளே கிடந்த செவ்வகத்தின் விகிதமும் அதே 1.77.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை, 1.33ஐயும் 2.35ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது அந்த எண்தான். அதற்கு அருகில் உள்ள எளிய விகிதமே 16:9. ஆனால் அதன் விளைவு கவனிக்க வேண்டியது. 16:9 திரையில் 4:3 படத்தைப் போட்டால் திரைப் பரப்பில் 75 விழுக்காடு நிரம்பும். 2.35 ஸ்கோப் படத்தைப் போட்டால் ஏறத்தாழ 76 விழுக்காடு நிரம்பும். பழைய படத்துக்கும் அகலப் படத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு கால்வாசி நட்டம். நடுவில் உள்ள 1.85 படத்துக்கு மட்டும் மெல்லிய கோடு அளவே மிஞ்சும். யாருக்கும் முழு வெற்றி இல்லாமல், யாரும் பெரிதாக ஏமாறாமல் பாகம் பிரித்த கணக்கு இது. இதைவிட நேர்மையான தீர்வு இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. 16 என்பது 4இன் வர்க்கம், 9 என்பது 3இன் வர்க்கம் என்ற பொருத்தமும் இதில் உண்டு. கறுப்புப் பட்டையைக் குறை என்று பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: பட்டை வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதைச் சமமாகப் பங்கிடுவதற்காகவே இந்த வடிவம் வகுக்கப்பட்டது.

தேர்வு முடிந்தாலும் மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. புதிய நிகழ்ச்சிகள் 16:9இல் தயாராகும், ஆனால் வீடுகளில் 4:3 பெட்டிகள் இருக்கும் என்ற இடைக்காலம் எல்லா நாடுகளுக்கும் வந்தது. பிரிட்டனில் பி.பி.சி. 14:9 என்ற நடுவழியைப் பின்பற்றியது. பக்கங்களில் கொஞ்சம் வெட்டு, மேலும் கீழும் மெல்லிய கறுப்பு. இந்தியாவில் 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை ஒட்டித் தூர்தர்ஷன் உயர்தெளிவு ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே காலகட்டத்தில், 2006 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் மாநிலம் எங்கும் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தன. அவை அனைத்தும் 4:3. அகலமாக எடுக்கும் நிகழ்ச்சி ஒவ்வொன்றும் அந்தப் பெட்டிகளிலும் புரிந்தாக வேண்டும். அக்காலத்து கிரிக்கெட் ஒளிபரப்புகளில் ஓட்ட எண்ணிக்கைப் பெட்டி திரையின் ஓரத்தில் ஒட்டாமல் சற்று உள்ளே தள்ளி இருந்ததற்கு இதுவே காரணம். பக்கங்கள் வெட்டுப்பட்டாலும் நடுவிலுள்ள 4:3 பகுதிக்குள் எண்கள் தப்பித்துவிட வேண்டும் என்பது கணக்கு.

இனி முகம் உப்பும் விஷயத்துக்கு வரலாம். 4:3 படத்தை 16:9 திரை முழுவதும் இழுத்தால் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. உயரம் அப்படியே இருக்கிறது. இதில் குழப்பம் ஏற்படுவதற்குக் காரணம், ஒரே படத்தின் வடிவத்தில் மூன்று கைகள் விளையாடுகின்றன என்பதுதான். ஒளிபரப்பு நிலையம் பழைய நிகழ்ச்சியை இழுத்தே அனுப்பலாம். செட் டாப் பாக்ஸ் தன் அமைப்பில் உள்ளபடி இழுக்கலாம் அல்லது வெட்டலாம். கடைசியில் தொலைக்காட்சி தன் பங்குக்கு ஒரு வேலை செய்யும். சாதாரணத் தெளிவு ஒளிபரப்பில் 4:3 படமும் 16:9 படமும் ஒரே 720க்கு 576 புள்ளிகளில்தான் வருகின்றன. எதை எந்த அகலத்துக்கு விரிக்க வேண்டும் என்பதைச் சிக்னலோடு வரும் சிறு குறிப்பு சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு தவறாக இருந்தாலோ, பெட்டி அதைப் பொருட்படுத்தாவிட்டாலோ உருவம் சிதைந்துவிடும். நிலையத்திலேயே இழுத்து அனுப்பியதை வீட்டில் சரிசெய்ய வேண்டுமானால் பெட்டியை 4:3 நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். நிலையத்தில் வெட்டி அனுப்பியதை எந்தப் பொத்தானாலும் மீட்க முடியாது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க அளவுகோல் தேவையில்லை. திரையில் வட்டமான பொருள் ஒன்று நேருக்கு நேர் வரும்வரை காத்திருந்தால் போதும்: சுவர்க்கடிகாரம், முழுநிலா, பக்கவாட்டில் நின்ற மாட்டுவண்டியின் சக்கரம். அது முட்டையாகத் தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது. சில தொலைக்காட்சிகளில் நடுப்பகுதியை இழுக்காமல் ஓரங்களை மட்டும் அதிகமாக இழுக்கும் நிலை ஒன்று உண்டு. அசையாத காட்சியில் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. யாராவது திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால்தான் பித்தலாட்டம் வெளிப்படும்: குண்டாக நுழைந்து, நடுவில் இளைத்து, மறுபக்கம் குண்டாக வெளியேறுவார்.

நான்கு பக்கமும் கறுப்பு வந்து படம் நடுவில் தபால்தலைபோல நிற்பது தனி வகை. ஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்பு விட்டுப் பதிவு செய்த பழைய பிரதியை, 16:9 திரையில் பக்கக் கறுப்போடு காட்டும்போது இது நேர்கிறது. திரைப் பரப்பில் 43 விழுக்காடுதான் அப்போது பயன்படும். ஜூம் பொத்தானைத் தயங்காமல் அழுத்தலாம் என்று நான் சொல்லக்கூடிய ஒரே இடம் இது. வெட்டுப்படுவது வெறும் கறுப்புதான். செய்தி அலைவரிசையில் அதே பொத்தானை அழுத்தினால் கீழே ஓடும் எழுத்துவரி பாதியாக அறுந்துபோகும்.

இழுப்பதைவிட எனக்கு வருத்தம் தருவது பழைய படங்களை வெட்டுவது. இழுத்த படத்தில் உருவம் கெட்டாலும் உள்ளடக்கம் எல்லாம் இருக்கிறது. 1.37 விகிதப் படத்தைப் ‘புதுப்பித்து’, 16:9 திரையை நிரப்பும்படி மேலும் கீழும் வெட்டி வெளியிடும்போது உயரத்தில் 23 விழுக்காடு போய்விடுகிறது. 1950களின் தமிழ்ப் படங்களில் நடனக் காட்சிகளை எடுத்தவர்கள், உச்சி முதல் பாதம் வரை ஆடுபவர் முழுதாகத் தெரியும்படி சட்டம் வைத்தார்கள். பரதநாட்டியத்தில் தாளம் காலில் இருக்கிறது, கண் முத்திரையைத் தொடர்கிறது. இரண்டையும் ஒருசேரக் காட்டவே அந்த உயரம் தேவைப்பட்டது. வெட்டிய பிரதியில் தட்டுகிற ஒலி கேட்கிறது, தட்டுகிற பாதம் தெரிவதில்லை. கைகளை உயர்த்தும்போது விரல்கள் திரைக்கு வெளியே போகின்றன. படம் துல்லியமாக இருக்கிறது, நிறம் பளிச்சென்று இருக்கிறது, நாட்டியம் மட்டும் பாதி. பக்கங்களில் கறுப்பு விட்டிருந்தால் ஒன்றுமே இழக்க வேண்டியிருந்திருக்காது.

அளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொலைக்காட்சியை மூலைக்கு மூலை அளந்து அங்குலத்தில் விற்கிறார்கள். மூலைவிட்டம் ஒன்றே என்றாலும் திரை அகலமாக அகலமாகப் பரப்பு குறையும். ஒரே அங்குல அளவில் 4:3 திரையைவிட 16:9 திரையின் பரப்பு 11 விழுக்காடு குறைவு. 32 அங்குலத் திரையில் 4:3 படம் ஓடும்போது அதன் மூலைவிட்டம் 26 அங்குலம்தான். பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் ‘பெரிய’ பெட்டி வாங்கியவருக்குப் பழைய படம் பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் இந்தக் கணக்கு.

16:9ஐ விட்டுவிட்டு ஸ்கோப் வடிவத்திலேயே தொலைக்காட்சி செய்துவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. பிலிப்ஸ் நிறுவனம் 2009இல் 56 அங்குலத்தில் 21:9 தொலைக்காட்சியை வெளியிட்டது. ஸ்கோப் படம் அதில் பட்டையின்றி நிரம்பியது. ஆனால் செய்தி, தொடர், விளையாட்டு என்று வீட்டில் நாள் முழுக்க ஓடும் மற்ற எல்லாவற்றுக்கும் பக்கங்களில் கால்வாசித் திரை கறுப்பாகக் கிடந்தது. சில ஆண்டுகளில் அந்த வரிசை நின்றுபோனது. ஒரு தரப்புக்கு முழுதாகக் கொடுத்தால் மறுதரப்பு எவ்வளவு இழக்கும் என்று பவர்ஸின் செவ்வகங்கள் காட்டியிருந்ததைச் சந்தை மறுபடி காட்டியது.

இதற்கிடையே படங்களின் வடிவம் மீண்டும் நகரத் தொடங்கியிருக்கிறது. இத்தாலிய ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ, சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் பொதுவாக 2:1 என்ற விகிதத்தை 1998இல் முன்மொழிந்தார். இணையத் தொடர்கள் பல இப்போது அந்த வடிவத்தில் வருகின்றன. 16:9 திரையில் அதற்கு மெல்லிய பட்டைகளே விழும். கைப்பேசிகள் பலவும் 20:9 ஆக நீண்டுவிட்டன. அதில் 16:9 நிகழ்ச்சி ஓடும்போது இரண்டு விரல்களால் விரித்துத் திரையை நிரப்புகிறவர், உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டிவிடுகிறார். தொலைக்காட்சியிலாவது வெட்டும் கை எங்கோ நிலையத்தில் இருந்தது. கைப்பேசியில் அது பார்ப்பவரின் கை.

வீட்டுத் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, செட் டாப் பாக்ஸில் திரை விகிதத்தை 16:9 என்றும், இழுக்காமல் வெட்டாமல் காட்டும் நிலையிலும் வைத்துவிட்டு, தொலைக்காட்சியில் ‘ஒரிஜினல்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் இருக்கும் அமைப்பைத் தேர்வு செய்தால் பெரும்பாலான சிக்கல்கள் தீரும். குழாய்த் தொலைக்காட்சிக் காலத்தில் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் மறைக்கும் வழக்கம் இருந்தது. தட்டைத் திரைகள் பலவும் தேவையே இல்லாமல் அந்தப் பழக்கத்தைத் தொடர்கின்றன. இந்த அமைப்பை மாற்றியதும் இதுவரை பாதி தெரிந்த அலைவரிசைச் சின்னமும் கீழ்வரி எழுத்துகளும் முழுதாகத் தெரியத் தொடங்கும்.